கட்டிலுக்கும் கப்பலுக்கும் நடுவே

உல்லாசக் கப்பல் பயணத்துக்கான விளம்பரத் தாள்களில் இரண்டு படங்கள் தவறாமல் இருக்கும். ஒன்றில் வெள்ளை விரிப்புப் போட்ட ஓட்டல் கட்டில். மற்றதில் நீலக் கடல்மேல் நிற்கும் கப்பல். கட்டிலிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதற்குப் படம் கிடையாது. விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பெரும்பாலோர் ஒரு நாள் முன்னதாகவே வந்து ஊரில் தங்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் ஏறுவழியை அடைத்துவிடுவார்கள். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில், மூட்டை முடிச்சோடு, பழக்கமில்லாத ஒரு நகரத்தைக் கடக்க வேண்டும்.

ஓட்டல் வாசல்வரை பெட்டியைத் தூக்கிவர ஆள் உண்டு. துறைமுக முனையத்தில், பெயரும் அறை எண்ணும் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் கட்டி ஒப்படைத்துவிட்டால், மாலைக்குள் அது நம் அறைவாசலில் வந்து நிற்கும். இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. நான் பேச நினைப்பது அந்தத் தூரத்தைப் பற்றி.

மற்ற ஊர்களில் இதை ஒரு டாக்ஸி தீர்த்துவைத்துவிடும். ரோம் நகரத்துக்கும் அதன் கப்பல் துறையான சிவித்தவெக்கியாவுக்கும் நடுவே ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். ஆனாலும் ரயில் இருக்கிறது, கார் இருக்கிறது, பெட்டி சக்கரத்தின்மேலேயே போய்ச் சேர்ந்துவிடும். வெனிஸில் அது நடக்காது. தூரம் என்று பார்த்தால் சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து பழைய கப்பல் முனையமான மரித்திமாவுக்குச் சில கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சில கிலோமீட்டர், ரோமின் எண்பதைவிட நீளமானது.

நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளின்மேல் இருக்கிறது. அவற்றைத் தைத்து வைத்திருப்பவை நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். நிலப்பகுதியிலிருந்து 1846இல் ரயில் பாலம் வந்தது, 1933இல் சாலைப் பாலம் வந்தது. இரண்டும் நகரத்தின் மேற்கு விளிம்பில் வந்து நின்றுவிட்டன. காரும் பேருந்தும் பியாத்சாலே ரோமா என்ற திடலோடு சரி. அதற்கு உள்ளே சைக்கிள் ஓட்டுவதற்குக்கூட அனுமதி இல்லை. ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்பு படகு, குப்பை வண்டி படகு, சவ ஊர்தியும் படகு. ஓட்டல் படுக்கை விரிப்புகள் வெளுக்கப் போவதும் படகில்தான். பாலங்கள் கீழே படகு நுழைந்து போவதற்காக வளைத்துத் தூக்கிக் கட்டப்பட்டவை. ஆகவே ஒவ்வொன்றும் ஏறுபடியும் இறங்குபடியும்தான். சாய்தளம் இருப்பது அபூர்வம்.

நாங்கள் தங்கியிருந்தது சான் மார்க்கோவுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள். மனைவியும் நானும், மனைவியின் அம்மாவும். அத்தைக்கு எழுபதைத் தாண்டிய வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படகுத்துறைக்குப் போகும் வழியில் முதல் பாலத்தின் உச்சியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?”

“இன்னும் மூணு, அத்தை.”

“மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் கீழ் வீட்டுக்கு மாத்தச் சொன்னாரே, இங்க தெருவே மாடியாயிருக்கே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஊரைப் பார்த்த வியப்பில் சொன்னார். ஆனால் அந்த ஊரைப் பற்றிப் படித்த பக்கங்கள் எதிலும் இவ்வளவு சரியான வர்ணனையை நான் பார்த்ததில்லை.

வழிகள் இருக்கின்றன. சொல்லிவிடுகிறேன். பெருங்கால்வாயில் போகும் பொதுப் படகான வாபொரெத்தோவில் ஏறி பியாத்சாலே ரோமாவில் இறங்கலாம். ஒவ்வொரு துறையிலும் படகின் பணியாளர் கயிற்றை ஒரே வீச்சில் முளையில் சுற்றி இழுத்து நிறுத்திக் கம்பிக் கதவைத் திறப்பார். பெட்டியோடு திணறுகிறவரைக் கண்டால் ஒரு கை கொடுப்பார். கோடைக் காலத்தில் கூட்டம் நெரியும். பெட்டி வைத்திருப்பவருக்கு அடுத்த படகு, அதற்கும் அடுத்த படகு என்று ஆகும். திடலிலிருந்து மரித்திமாவுக்கு, தூண்கள்மேல் வடம் இழுத்து ஓடும் சின்ன ரயில் ஒன்று 2010இல் தொடங்கியது. டிக்கெட் மலிவு, லிப்ட் உண்டு, ஒரே நிறுத்தம். பணம் பொருட்டில்லை என்றால் தண்ணீர் டாக்ஸி ஓட்டல் படித்துறைக்கே வரும், நேராக முனையத்தில் விடும். அதன் கட்டணத்தில் நம் ஊரில் ஒரு குடும்பம் மாத மளிகையை முடித்துவிடும்.

மிச்சமிருப்பது நம் காலும், பின்னால் இழுபடும் சக்கரப் பெட்டியும்.

சக்கரம் வைத்த பெட்டி வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அமெரிக்காவில் பெட்டித் தொழிலில் இருந்த பெர்னார்ட் சாடோ, 1970இல் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு கனத்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு விமான நிலையத்தில் நின்றிருந்தார். ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து எளிதாகத் தள்ளிப்போவதைப் பார்த்தார். 1972இல் காப்புரிமை கிடைத்தது. தொடக்கத்தில் கடைகள் வாங்க மறுத்தன. இன்று நாம் இழுக்கும், நிமிர்ந்து நிற்கும், நீளக் கைப்பிடி கொண்ட பெட்டியை 1987இல் செய்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கும் உடல் பலம் குறைந்தவர்களுக்கும் இந்தச் சக்கரம் தந்த விடுதலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அது இன்னொன்றையும் செய்தது. தூக்க வேண்டியிருந்தபோது எவ்வளவு கொண்டுபோவது என்பதைக் கை தீர்மானித்தது. இழுக்கலாம் என்றானதும் விமான நிறுவனத்தின் தராசு தீர்மானிக்கிறது. இருபத்து மூன்று கிலோ அனுமதி என்றால் இருபத்து மூன்றும் நிரம்புகிறது. பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, கப்பலுக்குள் இருக்கும் குளிருக்கு ஸ்வெட்டர், விருந்து இரவுக்குப் பட்டுப் புடவை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்ன ரைஸ் குக்கர். சூடேற்றும் மின்சாதனங்களைப் பெரும்பாலான கப்பல்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது பெட்டி கட்டும்போது யாருக்கும் தெரிவதில்லை.

சமதளம் இருக்கும்வரை சக்கரம் இந்த எடையை மறைத்துவைத்திருக்கும். முதல் படியில் அது வெளியே வந்துவிடும். வெனிஸில் ஐம்பது, நூறு அடிக்கு ஒரு முறை வெளியே வரும்.

அந்தச் சத்தத்தையும் சொல்ல வேண்டும். கல் பாவிய சந்து, இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவே கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம். விடியற்காலை விமானத்துக்கோ ரயிலுக்கோ கிளம்பும் ஒரே ஒருவர் தெரு முழுவதையும் எழுப்பிவிட முடியும். 2014இல் நகர நிர்வாகம் இதற்கு ஒரு விதி கொண்டுவர முயன்றது: கெட்டிச் சக்கரப் பெட்டிகளுக்குத் தடை, ரப்பர் அல்லது காற்றடைத்த சக்கரம் மட்டுமே வரலாம், மீறினால் ஐந்நூறு யூரோவரை அபராதம். உலகப் பத்திரிகைகள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளின் பெட்டிக்குத் தடை என்று எழுதின. பிறகு, சரக்கு வண்டிகளுக்குத்தான் இந்த விதி, பயணிகளுக்கு அல்ல என்று விளக்கம் சொல்லி நிர்வாகம் பின்வாங்கியது. அந்த முயற்சியைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது கேலியாகப் படவில்லை. தங்கள் தூக்கத்தையும் தங்கள் படிக்கட்டுகளின் விளிம்புகளையும் காப்பாற்றிக்கொள்ள ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு. வெனிஸின் பழைய நகரத்தில் நிரந்தரமாக வாழ்பவர்கள் இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு.

ரயில் நிலையத்தையும் பியாத்சாலே ரோமாவையும் இணைத்து 2008இல் பெருங்கால்வாயின்மேல் நான்காவது பாலம் திறக்கப்பட்டது. ஸ்பெயினின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சான்டியாகோ காலத்ராவா வடிவமைத்தது. அழகானதுதான், மறுக்க முடியாது. ரயிலில் வந்து இறங்கிக் கப்பலுக்குப் போகிறவர்கள் பெட்டியோடு கடக்கிற இடம் அதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யோசித்துக் கட்டியிருக்க வேண்டிய பாலத்துக்குப் படிகள் வைத்தார்கள். அந்தப் படிகளில் கண்ணாடி பதித்தார்கள். மழையில் ஆட்கள் வழுக்கி விழுந்தார்கள். இழுத்துக்கொண்டு போகும் பெட்டிகள் இடித்துக் கண்ணாடிகளை அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகப் பிற்பாடு முட்டை வடிவத்தில் ஒரு கூண்டைப் பாலத்தின் பக்கவாட்டில் ஓடவிட்டார்கள். அது சரியாக ஓடவே இல்லை. 2020இல் கழற்றி எடுத்துவிட்டார்கள். 2019இல் தணிக்கை நீதிமன்றம் வடிவமைப்பாளர் 78,000 யூரோ செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிக்கலாம் என்று மாநகராட்சி முடிவு செய்தது. அத்தனை பணமும் அறிவும் கூடிய ஒரு வேலையில், பெட்டி தூக்கி வரும் ஒரு மூதாட்டியின் கணுக்காலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இதே ஊர் ஒரு காலத்தில் அந்தக் கணுக்காலை நினைத்துப் பார்த்தது என்பதால்தான் கோபம் இவ்வளவு.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெருசலேமுக்குப் புனித யாத்திரை போகும் ஐரோப்பியர்கள் வெனிஸுக்கு வந்து கப்பல் ஏறினார்கள். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வருவார்கள், விடுதியில் வாரக்கணக்கில் தங்குவார்கள், யாப்பா துறைமுகம் போகும் துடுப்புக் கப்பலுக்காகக் காத்திருப்பார்கள். மொழி தெரியாத, கையில் காசு வைத்திருக்கிற, சாமியைப் பார்க்கும் அவசரத்தில் இருக்கிற கூட்டம். ஏமாற்றுவதற்கு இதைவிட வாகான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். அதனால் வெனிஸ் குடியரசு இவர்களுக்கென்றே வழிகாட்டிகளை அரசுப் பணியில் வைத்திருந்தது. தொலொமாரி என்று பெயர். சான் மார்க்கோவிலும் ரியால்தோவிலும் நின்றிருப்பார்கள். விடுதி காட்டுவது, நாணயம் மாற்றுமிடத்துக்குக் கூட்டிப்போவது, சாமான் வாங்கும்போது விலையில் ஏமாறாமல் பார்ப்பது, கப்பல் தலைவனோடு ஒப்பந்தம் பேசும்போது கூட இருப்பது எல்லாம் அவர்கள் வேலை. கட்டிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு அரசாங்கம் ஆள் போட்டிருந்தது!

உல்ம் நகரத்திலிருந்து இரண்டு முறை யாத்திரை போன பெலிக்ஸ் ஃபாப்ரி என்ற தொமினிக்கத் துறவி இதையெல்லாம் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1483இல் அவர் தங்கிய விடுதி ஜெர்மானியர்களுக்கானது. அங்கே ஒரு கறுப்பு நாய் இருந்தது. எந்த ஜெர்மானியர் வந்தாலும் வாலாட்டிக் கொண்டாடுமாம், இத்தாலியரையோ வேறு நாட்டாரையோ கண்டால் குரைத்துப் பாயுமாம். சான் மார்க்கோ தேவாலயத்துக்கு முன்னால் சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடிகள் நட்டிருப்பார்கள். இந்த இடத்தில் யாத்திரைக் கப்பலுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். கொடிக்கு அருகே கப்பல்காரர்களின் ஆட்கள் நின்று, எங்கள் கப்பலுக்கு வாருங்கள், அவன் கப்பல் ஆகாது என்று போட்டி போட்டு அழைப்பார்கள். கப்பலைப் பார்க்க வருபவர்களுக்குக் கிரேத்தா தீவின் ஒயினும் இனிப்பும் கொடுத்து உபசரிப்பார்கள். பிறகு ஒப்பந்தம் எழுதுவார்கள். எந்தத் தேதிக்குள் கிளம்ப வேண்டும், எத்தனை வேளை சாப்பாடு என்று எல்லாம் அதில் வரும்.

சாமான் விஷயத்தில் இன்னும் நல்ல தகவல் ஒன்றை விட்டுச் சென்றவர் வில்லியம் வே. இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார், 1458இலும் 1462இலும் யாத்திரை போனவர். தன் ஊரிலிருந்து படுக்கையைக் கட்டிக்கொண்டு வராதே என்பது அவர் பின்னால் வருகிறவர்களுக்குச் சொன்ன யோசனையின் சாரம். சான் மார்க்கோ தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. இறகு மெத்தை, தலையணை, விரிப்பு, போர்வை எல்லாம் சேர்த்து மூன்று டக்கட் நாணயத்துக்குக் கிடைக்கும். யாத்திரை முடிந்து திரும்பியதும் அதே கடையில் கொடுத்தால், கிழிந்து நைந்திருந்தாலும், பாதிக் காசைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கூடவே பூட்டோடு ஒரு பெட்டி, தண்ணீருக்கும் ஒயினுக்கும் ஒவ்வொரு பீப்பாய், சின்ன வாணலி, தட்டு, கூண்டில் சில கோழிகள், அவற்றுக்குத் தீனி. கப்பலில் சீக்கிரமே போய் மேல்தளத்தில் இடம் பிடித்துக்கொள், கீழே புழுங்கித் தள்ளும் என்றும் சொல்லியிருக்கிறார். கீழ்த்தளத்தில் பலகைமேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு ஒவ்வொருவருக்கும் படுக்கிற அகலம் பிரித்திருப்பார்கள். மெத்தையை விரித்தால் கால்மாட்டில் அவரவர் பெட்டி. அதற்கு மேல் இடமில்லை.

அந்த மெத்தைக் கடையை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். பயணத்துக்கு வேண்டிய கனமான பொருள் பயணம் தொடங்கும் இடத்திலேயே கிடைக்கிறது. முடியும் இடத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். தெரு நெடுக யாரும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. விடுதியிலிருந்து கோண்டொலாவில் ஏற்றிக் கப்பலில் கொண்டுசேர்த்தால் முடிந்தது. படியேற முடியாத சாமானைத் தண்ணீரில் கொண்டுபோவதுதான் அந்த ஊரின் இயல்பு. கப்பலும் சான் மார்க்கோவுக்கு எதிரே, பார்வை படும் தூரத்தில் நின்றது.

இப்போது அப்படி நிற்பதில்லை. ஆனால் கப்பல்கள் அவ்வளவு பக்கத்தில் கடந்துபோன காலம் அண்மையிலும் இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, தேவாலயக் கோபுரங்களுக்கு மேலே எழும் பெரிய கப்பல்கள் சான் மார்க்கோ சதுக்கத்தை உரசுவதுபோலக் கடந்து, ஜூதெக்கா கால்வாய் வழியாக மரித்திமாவுக்கு வந்தன. 2019இல் ஏறக்குறைய பதினாறு லட்சம் பயணிகள். மேல்தளத்தில் நின்று ஊரைக் குனிந்து பார்ப்பதற்காகவே வெனிஸிலிருந்து கிளம்பும் பயணங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அநேகம். ஊர்க்காரர்கள் படகுகளில் வந்து மறித்துப் போராடினார்கள். 2019 ஜூன் 2 அன்று, கட்டுப்பாட்டை இழந்த ஒரு பெரிய கப்பல் சான் பசிலியோ துறையில் நின்றிருந்த சுற்றுலாப் படகின்மேலும் கரைமேலும் மோதியது, சிலர் காயமடைந்தார்கள். கடைசியில் இத்தாலிய அரசு, 2021 ஆகஸ்டு 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட, அல்லது 180 மீட்டருக்கு மேல் நீளமான, அல்லது 35 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல்கள் அந்த வழியில் வரக் கூடாது என்று தடை செய்தது.

தடை சரி என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. கப்பலின் எடை தள்ளும் தண்ணீர் அந்த ஊரின் அடித்தளத்தைத்தான் அரிக்கும். பயணிகளுக்கு ஒரு காட்சி குறைவதற்கும் ஒரு நகரம் நிலைப்பதற்கும் நடுவே யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் கப்பல் விலகிப் போனபோது தூரம் நீண்டது. நீண்ட தூரத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சில கப்பல்கள் இப்போது நிலப்பகுதியில் உள்ள மார்கேராவின் சரக்குத் துறைகளிலும் ஃபுசினாவிலும் நிற்கின்றன. எண்ணெய்த் தொட்டிகளுக்கும் கண்டெய்னர் அடுக்குகளுக்கும் பக்கத்தில் போய் ஏற வேண்டும். வேறு சில ரவென்னாவுக்கும் திரியெஸ்த்தேவுக்கும் போய்விட்டன. திரியெஸ்த்தேயில் பரவாயில்லை, கப்பல் ஊர்ச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ரவென்னாவின் துறை ஊருக்கு வெளியே கடற்கரையில் இருக்கிறது. வெனிஸிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இவ்வளவுக்குப் பிறகும் பயணச்சீட்டில் பெரிய எழுத்தில் வெனிஸ் என்றும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ரவென்னா என்றும் அச்சடித்து விற்கிறார்கள். இதை ஏமாற்று என்றே சொல்வேன். சான் மார்க்கோவில் ஓட்டல் எடுத்துத் தங்கிவிட்டு, காலையில் பெட்டியோடு மரித்திமா வாசலில் போய் நின்று, உங்கள் கப்பல் இங்கே இல்லை என்று கேட்கிறவர்கள் வயதானவர்களாகவே இருப்பார்கள். சின்ன எழுத்தைப் படிக்காமல் விட்டது அவர்கள் தவறாம். தொலொமாரிகள் இருந்திருந்தால் அந்தக் கப்பல்காரனைக் கொடிக் கம்பத்துக்கு அடியிலேயே மடக்கியிருப்பார்கள்.

இனி சுமை தூக்குகிறவர்களைப் பற்றி.

வெனிஸ் தன் வேலைகளை எல்லாம் இன்னும் மனிதக் கைகளால்தான் செய்துகொள்கிறது. விடியற்காலையில் துறையில் நின்றால் பார்க்கலாம். தண்ணீர்ப் புட்டிகள், மாவு மூட்டைகள், குளிர்பதனப் பெட்டி, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் படகிலிருந்து இறங்கி, இரண்டு பெரிய சக்கரம் வைத்த கைவண்டியில் ஏறுகின்றன. அந்த வண்டிகளின் முன்பக்கம் இரண்டு சின்னச் சக்கரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். படியை அடைந்ததும் சின்னச் சக்கரம் மேல்படியில் உட்காரும். அதை ஊன்றிக்கொண்டு பின்னாலிருந்து நெம்பினால் பெரிய சக்கரம் அடுத்த படிக்கு எழும்பும். பாலத்துக்காகவே பிறந்த வண்டி. கூட்டத்துக்குள் வரும்போது தள்ளுகிறவர் ‘காலு, காலு’ என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். பியாத்சாலே ரோமாவிலும் பெரிய படகுத்துறைகளிலும் பயணிகளின் பெட்டிக்கென்றே இப்படிப்பட்ட போர்ட்டர்கள் நிற்கிறார்கள். முன்பு போல் அவ்வளவு பேர் இல்லை. சக்கரம் வந்த பிறகு உலகத்தின் ரயில் நிலையங்களிலிருந்து போர்ட்டர்கள் மறைந்தது போலவே இங்கேயும் குறைந்துவிட்டார்கள்.

அன்று முதல் பாலத்தைத் தாண்டியதும் நாங்கள் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். ஐம்பது வயதிருக்கும், முன்கை முறுக்கிய கயிறு போல. எங்கள் மூன்று பெட்டிகளையும் பார்த்துக் கனமானதை அடியில் வைத்து, நாடாவால் இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு பாலத்திலும் முதலில் அத்தையைப் பார்த்துக் கையைக் காட்டி முன்னே போகவிடுவார். அவர் இறங்கி முடித்த பிறகுதான் வண்டியை ஏற்றுவார். பெட்டி வழுக்கினால் கீழே யாரும் இருக்கக் கூடாது என்று கணக்கு. துறையில் கூலியைக் கொடுத்ததும் அத்தை என் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, கேட்ட காசு குடுத்தீங்க, சரி. காபி குடிக்கத் தனியா ஏதாவது குடுத்தீங்களா?”

கொடுத்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து அத்தையிடம் ஏதோ சொன்னார். அத்தையும் தமிழில் “நல்லா இருங்க” என்றார்.

நம் ஊரிலும் பழைய பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றிருக்கும். நிமிர்த்தி நட்ட இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் உதவி இல்லாமல் இறக்கிவைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளைச் சேர்ந்தவர்கள் நட்டுவைப்பது வழக்கம். வழியில் போகிறவனின் கழுத்து வலியை முன்கூட்டியே நினைத்துச் செய்த காரியம் அது. ஒரு பாலத்துக்குச் சாய்தளம் வைப்பதும், படகுத்துறையில் ஒரு போர்ட்டருக்கு உட்கார இடம் கொடுப்பதும், பயணச்சீட்டில் துறைமுகத்தின் உண்மைப் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவதும் அந்த வகையைச் சேர்ந்தவை. செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. வெனிஸிலேயே ஆண்டுதோறும் அக்டோபரில் மாரத்தான் ஓட்டத்துக்காக நீர்க்கரைப் பாலங்களின் படிகள்மேல் சாய்தளம் போடுகிறார்கள். ஓட்டம் முடிந்த பிறகும் சில மாதங்கள் அவற்றை எடுக்காமல் விட்டுவைக்கிறார்கள். அந்த மாதங்களில் சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டிக்காரர்களும் கைவண்டிக்காரர்களும் அந்த வழியைத் தேடிவந்து பயன்படுத்துகிறார்கள். முடியும் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வருடம் முழுவதும் ஏன் இல்லை என்பதற்கு, பாலங்களின் பழமை கெடும் என்ற பதில் சொல்லப்படுகிறது. காலத்ராவாவின் கண்ணாடிக்கு இடம் கொடுத்த ஊர் ஒரு மரச்சாய்வைப் பழமைக்குப் பகை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

வெனிஸுக்குப் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்க் கப்பல் ஏறத் திட்டமிட்டிருக்கிறவர்களுக்கு: கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டையும் மாத்திரைகளையும் கைப்பையில் வையுங்கள். ஒப்படைத்த பெட்டி மாலைவரை கைக்கு வராது. முதல்நாள் ஓட்டலைச் சான் மார்க்கோவில் எடுக்காமல் பியாத்சாலே ரோமாவுக்குப் பக்கத்தில், பாலம் கடக்காத தெருவில் எடுங்கள். குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போர்ட்டர் கூலியையும் பயணச் செலவில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். தூக்கும் முன்பே தொகையைக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதில் பேரம் பேச வேண்டாம்.